காப்புரிமையில் ‘வெளிப்படை’: அச்சுப்பொறி உறுப்பு ஒன்றை முன்வைத்து

நம் தமிழ்த்துறை அறையில் மைவீச்சு அச்சுப்பொறி ஒன்று உள்ளது. வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் அதிலிருந்தே வெளிவருகின்றன. சென்ற பருவத்தில் ஒருநாள் அதன் மை தீர்ந்தது. புதிய மைக்கலத்தின் விலையைக் கேட்டுத் திகைத்த இளங்கலை மாணவர் ஒருவர், “இவ்வளவு விலைக்கு இதற்குள் என்ன ஐயா இருக்கிறது?” என்று வினவினார். மைக்கலத்தின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன என்பதையும், ஒவ்வொரு துளைக்கும் ஒரு சிறு சூடேற்றி உண்டு என்பதையும், அது மையைக் கொதிக்கச் செய்து துளியாக வெளியே தள்ளுகிறது என்பதையும், அவ்வுறுப்புக்கு ஒரு காலத்தில் காப்புரிமைகள் வழங்கப்பட்டன என்பதையும் எடுத்துரைத்தோம். அவர் உடனே, “கொதித்தால் தெறிக்கத்தானே செய்யும்? எங்கள் அம்மாவுக்கு அடுப்படியில் தெரிந்த செய்திக்கு உரிமை எதற்கு?” என்றார். உடனிருந்தோர் நகைத்தனர்.

ஆயினும் அவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றமும் நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்ட வினா அதுவே. வகுப்பு மணி அடித்துவிட்டமையால் அன்று விடை கூற இயலவில்லை. அன்று கூற எண்ணியதை இங்கு எழுதுகிறோம்.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

காப்புரிமை என்பது அரசுக்கும் புனைவாளர்க்கும் இடையே அமைந்த ஒப்பந்தம் எனலாம். புனைவாளர் தம் புனைவின் நுட்பத்தை மறைவின்றி எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அதனைப் பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு அவர்க்கு அளிக்கிறது. காலம் முடிந்தபின் அது பொதுச்சொத்து. நம் மாணவர் கண்ட மைக்கலத்தின் அடிப்படைக் காப்புரிமைகள் 1970-களின் இறுதியில் தோன்றியவை. அவை காலங்கடந்து நெடுநாளாயின. இன்றைய விலைக்குரிய காரணங்கள் வேறு. அவற்றை வணிகவியல் துறையார் எழுதுவதே முறை.

ஒரு புனைவு இவ்வுரிமையைப் பெறுவதற்கு அது புதியதாக இருத்தல் வேண்டும்; தொழிலுக்குப் பயன்படுதல் வேண்டும்; அத்துறையில் திறன் பெற்ற ஒருவர்க்கு வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும். முதலிரண்டையும் அளந்தறிவது ஓரளவு எளிது. மூன்றாவதே வழக்குகளின் தாய். நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களின் வழி, இதனைத் தன் இரண்டாம் பிரிவிலேயே வரையறுக்கிறது. முன்பிருந்த அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதாரச் சிறப்போ இரண்டுமோ ஒரு கூறில் காணப்பட வேண்டும். அக்கூறு துறைவல்லார்க்கு அப்புனைவு வெளிப்படையாகாதவாறு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. ‘வெளிப்படை’ என்னும் சொல் நம் இலக்கணத்தில் வேறு பொருளில் வழங்குவதைத் தமிழ் மாணவர் அறிவர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்க வேண்டா.

வழிநூலுக்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், முன்னோர் முடிபைத் தழுவிப் பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தல் அதன் இயல்பு என்பார். நூலுக்கு அது போதும். காப்புரிமைக்கோ வேறுபாடு மட்டும் போதாது. அவ்வேறுபாடு அத்தொழிலில் பழகிய பிறர்க்கு எளிதிற் புலப்படாததாகவும் இருத்தல் வேண்டும். இவ்வாறு கடுமை காட்டுவதற்குக் காரணம் உண்டு. எளிதிற் புலப்படுவதற்கெல்லாம் உரிமை வழங்கினால், தன் பட்டறையில் தானாகவே அதனைச் செய்திருக்கக்கூடிய தொழிலாளி ஒருநாள் காலையில் வழக்கறிஞர் அறிவிக்கையைக் கையில் வாங்க நேரிடும். மறுபுறம், அரிதின் முயன்று கண்டதையும் ‘இது யார்க்கும் தோன்றுமே’ என்று தள்ளிவிட்டால் அடுத்த முயற்சிக்குப் பொருள் செலவிட எவரும் முன்வாரார்.

கதவுக் குமிழும் கடைசல் பட்டறையும்

இவ்வினாவின் வரலாறு ஒரு கதவுக் குமிழில் தொடங்குகிறது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்துவந்த குமிழைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்தவர்கள் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். 1851-ஆம் ஆண்டில் ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒரு பொருளுக்கு மாற்றாக வேறொரு பொருளைத் தேர்ந்தெடுத்தல் பழகிய கைவினைஞரின் திறமே அன்றிப் புனைவாளரின் திறம் அன்று என்பது தீர்ப்பின் சாரம்.

நாளடைவில் அளவுகோல் எல்லை மீறியது. 1941-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டியில் பயன்படும் சுருட்டுப் பற்றவைப்பான் குறித்த வழக்கொன்றில், புனைவு என்பது மேதைமையின் மின்னற்கீற்றாக வெளிப்பட வேண்டும் என்னும் கருத்தை அந்நீதிமன்றம் முன்வைத்தது. மின்னலை எதிர்பார்த்தால், ஆண்டுக்கணக்கில் சோதனைச்சாலையில் உழைத்து மெல்ல மெல்லக் கண்டறிபவர் எங்கே போவார்? 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் திருத்தியது. புனைவு எவ்வாறு தோன்றியது என்பதைக் கொண்டு அதன் தகுதியை மறுத்தல் கூடாது என அச்சட்டத்தின் 103-ஆம் பிரிவு தெளிவாக்கியது. நெடிய உழைப்பால் வந்தாலும் சரி, தற்செயலாக வந்தாலும் சரி. தற்செயல் பற்றிய இக்குறிப்பை வாசகர் நினைவிற்கொள்க. சற்றுப் பின்னர் அது தேவைப்படும்.

வெளிப்படையா அன்றா எனத் துணியும் முறையை 1966-ஆம் ஆண்டில் கிரகாம் எதிர் ஜான் டீர் என்னும் கலப்பை வழக்கு வகுத்துத் தந்தது. முன்னறிவு எதுவரை சென்றிருந்தது, அதற்கும் இப்புனைவுக்கும் உள்ள வேறுபாடு என்ன, அத்துறையில் பழகிய சராசரித் தொழிலறிஞரின் திறம் எத்தகையது என்பவற்றை முதலில் காண வேண்டும். அதன்பின், இப்பொருளுக்கு நெடுநாள் தேவை இருந்ததா, பிறர் முயன்று தோற்றனரா, சந்தையில் வென்றதா என்னும் புறச்சான்றுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். அவ்வழக்கில் கலப்பையின் உறுப்பு தோற்றது. 2007-ஆம் ஆண்டில் கே.எஸ்.ஆர். எதிர் டெலிபிளெக்ஸ் வழக்கில், நகர்த்தி அமைக்கத்தக்க மிதிகட்டையோடு மின்னணு உணரியை இணைத்த புனைவும் தோற்றது. இரண்டையும் இணைக்குமாறு பழைய ஆவணம் ஒன்று வெளிப்படையாகக் கூறியிருந்தால்தான் இணைப்பு எளிதென்று கொள்ளலாம் என்னும் இறுக்கமான போக்கை அத்தீர்ப்பு தளர்த்தியது. துறைவல்லார் என்பவர் சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் அல்லர்; அவர்க்கும் சிறிது கற்பனை உண்டு என்பது அதன் நோக்கு.

நம் நாட்டில் இவ்வகை வழக்குகளில் பெரிதும் எடுத்தாளப்படுவது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் நகரின் பாத்திரப் பட்டறைகளில் எழுந்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் பித்தளைப் பாத்திரத்தைப் பொருத்தி மெருகேற்றும்போது, பிடி தளர்ந்து பாத்திரம் தெறித்து வேலையாளைத் தாக்கும் ஆபத்து இருந்தது. பாத்திரத்தை எதிர்ப்புறத்திலிருந்து அழுத்திப் பிடிக்கும் தண்டு ஒன்றைச் சேர்த்து அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவிதமாகவும் இருவர் ஆயம் வேறுவிதமாகவும் கருதினர். 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என முடிவு கூறியது. லேத்தின் எதிர்முனையைக் கொண்டு தாங்கிப் பிடித்தல் அத்தொழிலார் முன்பே அறிந்தது. இது பட்டறைச் சீர்திருத்தமே அன்றிப் புனைவு ஆகாது என்பது அதன் கருத்து. பயனுள்ளது என்பதை எவரும் மறுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. வேலையாளின் உயிரைக் காக்கும் பொருளும் வெளிப்படையானதாக இருக்கலாம்.

மை தெறித்த வரலாறு

இனி அச்சுப்பொறிக்கு வருவோம். தேவைப்படும்போது மட்டும் ஒரு துளி மையை வெளியிடுதல் என்பதே மைவீச்சு அச்சின் அடிப்படைச் சிக்கல். மின்னழுத்தத்தால் வடிவம் மாறும் பீசோ பொருளைக் கொண்டு மையை நெருக்கித் துளியை வெளியேற்றும் வழி 1970-களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதிலும் நன்றாக அச்சாகும். எனினும் துளைதோறும் அத்தகைய உறுப்பொன்றைப் பொருத்த வேண்டியிருந்தமையால், துளைகளை நெருக்கமாக அமைத்தலும் விலையைக் குறைத்தலும் கடினமாக இருந்தன.

1977-ஆம் ஆண்டில் ஜப்பானின் கேனன் நிறுவனத்து ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் சோதனைச்சாலையில் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டுவிட, ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அதனைக் கண்டு பலர் மேசையைத் துடைத்திருப்பர். அவர் அதில் அச்சுமுறை ஒன்றைக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கர்டு ஆய்வகத்தில் ஜான் வாட் என்பவர், நீராவியின் உந்துதலால் காப்பியை மேலேற்றும் பாத்திரத்தின் நினைவிலிருந்து அதே முடிவை வந்தடைந்ததாகக் கூறுவர். அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கர்டுக்கு 1984-இலும் கேனனுக்கு 1988-இலும் இத்தொழில்நுட்பம் சார்ந்த முக்கியமான காப்புரிமைகள் வழங்கப்பட்டன. 1984-இல் ‘திங்க்ஜெட்’ என்னும் அச்சுப்பொறி சந்தைக்கு வந்தது. மை தீர்ந்ததும் கழற்றி எறியத்தக்க அதன் தலையில் இருந்தவை 12 நுண்துளைகள். 1985-இல் கேனனின் அச்சுப்பொறி வந்தது.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் நடுவரின் வேலை எளிது. ஆனால் 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்கக் காப்புரிமை குறுக்கே நிற்கிறது. ஸ்பெர்ரி ராண்ட் நிறுவனத்திற்காக மார்க் நைமன் என்பவர் 1962-இல் விண்ணப்பித்த அதன் தலைப்பு ‘திடீர் நீராவி அச்சுப்பொறி’ என்னும் பொருள்படுவது. மையைத் திடீரெனச் சூடாக்கி, எழும் நீராவியின் உந்துதலால் அதனைத் தாளில் வீழச் செய்தல் அதில் விளக்கப்பட்டிருந்தது. அது விற்பனைப்பொருளாக வளரவில்லை. ஆயினும் காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில், வெளியிடப்பட்ட ஆவணம் எவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் முன்னறிவே. துறைவல்லார் என்னும் கற்பனை மனிதர் அலமாரியில் உள்ள எல்லாவற்றையும் படித்தவராகக் கருதப்படுவார். நம்மில் எவரும் அவ்வளவு படித்தவர் அல்லர்.

நாமே நடுவராக அமர்தல்

பயிற்சிக்காக இரண்டு கோரிக்கைகளை நாமே புனைந்துகொள்வோம். 1977-ஆம் ஆண்டின் இறுதியில் அவை நம் முன் வைக்கப்படுவதாகக் கொள்க. முதற் கோரிக்கை, ‘மையைச் சூடாக்கி ஆவியின் அழுத்தத்தால் துளியை வெளியேற்றும் எந்த அச்சுத்தலையும் எமக்கே உரியது’ என்கிறது. இரண்டாவது, ‘ஒருங்கிணைந்த மின்சுற்றுகளைச் செய்யும் முறையில் சில்லின் மீது படியவைத்த மென்படலச் சூடேற்றி, அதனை மையிலிருந்து பிரிக்கும் காப்புப் படலங்கள், நொடியின் பத்திலட்சத்தில் சில பங்கே நீடிக்கும் மின்துடிப்பு ஆகியவை சேர்ந்த அச்சுத்தலை எமக்குரியது’ என்கிறது.

முதலாவதைத் தள்ளுவதற்கு நெடிது எண்ண வேண்டியதில்லை. 1965-ஆம் ஆண்டு ஆவணம் அதனை ஏறக்குறைய முழுமையாகவே கூறிவிட்டது. இவ்விடத்தில் நம் மாணவர் வென்றார். சூட்டுக்கோல் கதை எவ்வளவு சுவையானதாயினும் அக்கோரிக்கையைக் காப்பாற்றாது. புனைந்த விதம் உரிமையைக் கெடுப்பதில்லை என்று முன்னர்க் கண்டோம். அஃது உரிமையைத் தருவதுமில்லை.

இரண்டாவதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடுப்பில் வைத்த நீர், பாத்திரத்தின் அடியில் ஆங்காங்கே குமிழியிட்டு மெல்லக் கொதிக்கும். அத்தகைய கொதிப்பால் ஒரே அளவான துளியை நொடிக்குப் பல நூறு முறை வெளியேற்ற இயலாது. இச்சில்லிலோ சூடேற்றியை ஒட்டிய மிக மெல்லிய மையடுக்கு மட்டும், கொதிநிலையாகிய 100 பாகையை எங்கோ பின்னே விட்டுவிட்டு 300 பாகையை நெருங்கி, ஒரே நேரத்தில் ஆவியாக வெடிக்கிறது. குமிழி பருத்துத் துளியைத் தள்ளி உடனே ஒடுங்குகிறது. ஒடுங்கும் வேகத்தில் எழும் அதிர்ச்சி சூடேற்றியின் பரப்பைக் குழிபறிக்கும். அதனைத் தாங்குவதற்கே டான்டலம் போன்ற உறுதியான உலோகப் படலம் மேலே போர்த்தப்படுகிறது. இதனையும் ‘கொதித்தால் தெறிக்கும்’ என்பதையும் ஒன்றாகக் கருதுதல் இயலுமோ?

மாணவர் சுட்டிய அடுப்படியையே மீண்டும் நோக்குவோம். அங்கு அவர் அன்னையார் அறிந்த மற்றொன்றும் உண்டு: சூட்டில் வைத்தது அடிப்பிடிக்கும். மையும் அடிப்பிடிக்கிறது. சாயப்பொருள் கருகிச் சூடேற்றியின் மேல் படிவதை இத்துறையார் ‘கொகேஷன்’ என்று வழங்குவர். கருகல் என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆதலின் 1977-இல் மை அறிந்த ஒருவரிடம் இவ்வழியைக் கூறியிருந்தால், ‘சில ஆயிரம் துளிகளில் சூடேற்றி கருகி அடைத்துக்கொள்ளும்’ என்றே அவர் மறுத்திருப்பார் எனக் கருத இடமுண்டு. பழகிய அறிவு ஒரு வழியை நோக்கிக் கைகாட்டாமல் அதனை விட்டு விலக்குமாயின், அவ்வழியிற் சென்று வென்றது வெளிப்படை அன்று என்பதற்கு அது வலுவான சான்றாகும். நம் மாணவரின் அடுப்படி எடுத்துக்காட்டு அவருக்கே எதிராகச் சான்று கூறுவதைக் காண்க.

துறைவல்லார் யார் என்பது அடுத்த சிக்கல். மை அறிந்தவர்க்கு மின்சுற்றுச் சில்லுகள் தெரியா. சில்லு அறிந்தவர்க்கு மை தெரியாது. ஒருவரே இரண்டும் அறிந்தவர் எனக் கொண்டால் படலங்களை அடுக்குவது அவர்க்கு எளிதாகலாம். தொழில் அவ்வாறு நடைபெறுமாயின், துறைவல்லார் என்பவர் தனியொருவராக அல்லாமல் ஒரு குழுவாகவும் இருக்கலாம் என்பதை இங்கிலாந்திலும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலும் ஏற்றுள்ளனர். ஆனால் குழுவை அமைப்பவர் எவர்? ‘மைக்குச் சில்லு அறிந்தவரையும் அழைத்து வாருங்கள்’ என முதலில் கூறத் தோன்றியதே புனைவின் பாதி என்பது நம் கருத்து. புனைவு தெரிந்தபின் அதற்கேற்ற குழுவை அமைத்துவிட்டு, ‘இக்குழுவுக்கு இது எளிது’ என்பது விடையை வைத்துக்கொண்டு வினாவை எழுதுவதாகும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு எல்லா வினாக்களும் எளிதாகவே தோன்றும்.

எதிர்வாதம் ஒன்றையும் மறைத்தல் கூடாது. இரு நிறுவனங்கள், கடலின் இரு கரைகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இதனைக் கண்டன. ஒன்றையொன்று அறியாமல் பலர் ஒரே முடிவை அடைந்தால், அஃது அக்காலத்துச் சராசரித் திறத்துக்கு எட்டியதே என்பதற்குச் சான்றாகும் எனக் கான்கிரீட் அப்ளையன்சஸ் எதிர் கோமரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டிலேயே கருதியது. இவ்வாதம் வலியது. இதற்கு நாம் கூறும் மறுமொழி முழுமையானதன்று என்பதையும் ஒப்புகிறோம். ஒரே காலத்தில் இருவர் மலையேறினர் என்பதனால் மலை தாழ்ந்தது ஆகாது. இருவரும் வலிமை மிக்க ஏறுநர் என்பதும் ஒரு விளக்கமே. ஆவணம் வெளிவந்த 1965 முதல் 12 ஆண்டுகள், அச்சுப்பொறியில் கருத்துடைய பெரு நிறுவனங்கள் பல இருந்தும், அதனை எடுத்து நடைமுறைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார் இலர். எனினும் அவ்விருவரோடு மூன்றாமவரும் நான்காமவரும் அதே ஆண்டில் அதே சில்லோடு வந்து நின்றிருந்தால் நம் முடிவை மாற்றிக்கொண்டிருப்போம்.

ஆதலின் முதற் கோரிக்கையை மறுத்து, இரண்டாவதை ஏற்கிறோம். மிர்சாபூர்த் தண்டும் இச்சில்லும் வேறுபடும் இடமும் இதுவே. பாத்திரம் தெறிக்கும் சிக்கலைக் கூறினால் லேத்தில் பழகிய எவரும் எதிர்முனையை நோக்கிக் கைநீட்டுவர். மை வேண்டிய வேகத்தில் தெறிக்கவில்லை என்னும் சிக்கலைக் கூறினால், 1977-இல் எவரும் டான்டலத்தை நோக்கிக் கைநீட்டியிருக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் அண்மையில் ஒருநாள் அம்மாணவரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர், “அப்படியானால் 1965-ஆம் ஆண்டுக்காரர் மட்டும் ஏன் தோற்றார் ஐயா? வழி அவருக்கு முன்பே தெரிந்திருந்ததே?” என்றார். நல்ல வினா. ஒருங்கிணைந்த மின்சுற்று தோன்றியது 1950-களின் இறுதியில். அவர் விண்ணப்பித்த 1962-இல் அக்கலை தவழும் குழந்தை. தலைமயிரினும் மெல்லிய படலங்களைச் சில்லின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, ஆயிரக்கணக்கில் ஒரே சீராகச் செய்து தரும் பட்டறை அன்று எங்கும் இல்லை. நீராவியை அவர் அறிந்திருந்தார். அதனை அடைத்துவைக்கும் கலம் இன்னும் பிறக்கவில்லை.